வெளிப்பக்கம்

மார்ச் 12, செவ்வாய்

வடிவமைப்பு மறுஆய்வு முடிந்தது. பதினெட்டு நிமிடம் பேசினேன். முதல் நான்கு நிமிடம் மைக் என் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்ததாம். என் அறைத்தோழி நஸ்ரின் பின்வரிசையிலிருந்து கையை ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் திரையைப் பார்த்துப் பேசியதால் கவனிக்கவில்லை.

எங்கள் மையத்தில் கட்டப்படும் துகள் முடுக்கிக்கு எலக்ட்ரான்களைப் பிறப்பித்து உள்ளே அனுப்பும் பகுதியின் பெயர் இன்ஜெக்டர். அதன் வாயிலில் இருக்கும் எலக்ட்ரான் துப்பாக்கிதான் என் வேலை. சூடேறிய சின்ன வில்லை ஒன்றிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பும். நூறு கிலோவோல்ட் அவற்றை முன்னால் தள்ளும். கற்றை பிறக்கும் இடத்திலேயே கலைந்துவிட்டால், பின்னால் எவ்வளவு நீளமான கருவி இருந்தும் பயனில்லை. அந்த நூறு கிலோவோல்ட்டை மற்ற இரும்போடு சேரவிடாமல் பிரித்து நிறுத்துவது ஒரு வெள்ளைப் பீங்கான் குழாய். குழாயின் உள்ளே வெற்றிடம். வெளியே நாம் மூச்சுவிடும் காற்று.

உள்பக்கம் மின்புலம் எங்கெங்கே எவ்வளவு என்று நாற்பது படம் காட்டினேன். ஐந்து பேர் கொண்ட குழுவில் தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் மட்டும், "ஏம்மா, பீங்கானுக்கு வெளிப்பக்கம், காத்துப் பக்கம், அதையும் பாத்தாச்சா?" என்றார்.

தலையாட்டினேன்.

"குட்" என்று எழுதிக்கொண்டார். அடுத்த கேள்வி எங்கள் குழுத் தலைவர் வசுமதி மேடத்துக்குப் போய்விட்டது.

மதியம் கேன்டீனில் காலிஃபிளவர் வறுவல். நன்றாக இருந்தது. மேடம் தட்டோடு வந்து என் எதிரே உட்கார்ந்து, "இது ஒழுங்கா முடிஞ்சா அடுத்து பன்ச்சர் டிசைனும் உனக்குத்தான்" என்றார். எலக்ட்ரான்களைக் கொத்துக் கொத்தாகச் சேர்க்கும் பகுதி அது. வாய் நிறைய வறுவலோடு அதற்கும் தலையாட்டினேன்.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்தேன். "பாஸா ஃபெயிலாத்தா?" என்றாள். பாஸ் என்றேன். போனை வைக்காமலே பக்கத்தில் ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம், "பாஸாம்" என்று சொன்னது கேட்டது.


செப்டம்பர் 18, புதன்

ஆறு மாதமாக எதுவும் எழுதவில்லை. வரைபடம், டெண்டர், வரைபடத்தில் திருத்தம், திருத்தத்தில் திருத்தம். இடையில் இரண்டு முறை காய்ச்சல்.

பீங்கான் வந்துவிட்டது. மரப்பெட்டியை அடைக்கலம் அண்ணன் திறந்தார். வெற்றிட வேலைக்கு எங்கள் மையத்தில் அவர்தான். ஒப்பந்தப் பணியாளர், பதினொரு வருடமாக. பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், உங்க புள்ள ஆரோக்கியமா வந்துருச்சு. எடை அஞ்சு கிலோ" என்றார்.

சுத்த அறைக்குள் போகத் தலையில் எண்ணெய் கூடாது, பூ கூடாது, பவுடர் கூடாது. இரண்டு நாளாக நான் எண்ணெய் வைக்கவில்லை. முடி தேங்காய் நார் மாதிரி நிற்கிறது. அண்ணன் தன் தலையைத் தடவிக்கொண்டு, "எனக்கு அந்தப் பிரச்சனையே இல்ல பாருங்க" என்றார்.

என் வரைபடத்தில் மட்டும் இருந்த ஒன்று இப்போது மேசை மேல் இருக்கிறது. கையுறையோடு ஒருமுறை தொட்டேன்.


செப்டம்பர் 25, புதன்

உயர் மின்னழுத்தக் கூடத்தின் கம்பிக்கூண்டுக்குள் போவதற்கு ஒரு முறை இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்தினாலும் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் நீண்ட மூங்கில் போன்ற கழியின் நுனியில் இருக்கும் எர்த் கொக்கியால் முதலில் தொட வேண்டும். தொட்டவர் "தொட்டாச்சு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். வெளியே இருப்பவர் "கேட்டுச்சு" என்று சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கை உள்ளே போகலாம்.

இன்று வெளியே நான் நின்றேன்.

"தொட்டாச்சு!"

தலையாட்டினேன்.

"தொட்டாச்சுங்க!"

"கேட்டுச்சு" என்றேன்.

"கேட்டுச்சுன்னு சொன்னது எனக்குக் கேக்கல மேடம். இந்தக் கூண்டுக்குள்ள தலையாட்டுறதெல்லாம் செல்லாது. நான் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறேன், உங்க தலை எனக்கு எங்க தெரியும்?"

இரண்டு டிப்ளமோ பயிற்சிப் பெண்கள் சிரித்தார்கள். மூன்றாவது முறை கத்தினேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலிருந்தது.


அக்டோபர் 10, வியாழன்

நாளை ஆயுத பூஜை. விடுமுறை என்பதால் பணிமனையில் இன்றே கும்பிட்டார்கள். லேத்துக்கு மாலை, டிரில்லுக்குப் பூ. கசிவு பார்க்கும் கருவிக்கும் கணினிகளுக்கும் சந்தனம், குங்குமம். பொரிகடலையில் நாட்டுச்சர்க்கரை அதிகம். நன்றாக இருந்தது. வசுமதி மேடம் சென்னை போயிருந்தார்.

பிறகு அடைக்கலம் அண்ணன் கிண்ணத்தோடு துப்பாக்கி இருக்கும் கூடத்துக்கு வந்தார். பூட்டி முடித்து, உள்ளே வெற்றிடம் பிடித்து, தாங்கியில் நின்றிருந்தது. "எங்க வைக்கட்டும்?" என்றார். ஸ்டாண்டிலா, குழாய்களை இணைக்கும் இரும்பு ஃபிளாஞ்சிலா என்று சுற்றிப் பார்த்தார்.

வெள்ளைப் பீங்கான் மேல், சுவர்ப் பக்கமாக, ஒரு பொட்டு. அழகாக இருந்தது. போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "திஷ்டி படாம இருக்கணும்" என்று குரல் செய்தி வந்தது.


அக்டோபர் 14, திங்கள்

அண்ணன் பொட்டை ஆல்கஹாலால் துடைத்துவிட்டார். வருடா வருடம் மற்ற கருவிகளுக்கும் அப்படித்தானாம். இருபது கிலோவோல்ட் வரை ஏற்றினோம். ஒரு சத்தமும் இல்லை.

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை.


அக்டோபர் 16, புதன்

நாற்பது. ஐம்பது. அறுபது. ஒவ்வொரு படியிலும் அரை மணி நேரம் காத்திருந்து ஏற்றினோம். எழுபதில் ஏதோ இரைந்தது, தூரத்தில் எண்ணெய் காய்வது போல. எழுபத்து நான்கில் பளீரென்று ஒரு நீலக் கோடு, சாட்டை அடித்த சத்தம். மின்சாரம் தானாக நின்றுவிட்டது. கூடம் முழுக்க மழைக்கு முன் வரும் மின்னல் வாடை.

மறுபடி ஏற்றினோம். எழுபத்து மூன்றில் அடித்தது. மறுபடி. எழுபத்து நான்கு.

மூன்று முறையும் கோடு பீங்கானின் வெளிப்புறத்தில், கதவுப் பக்கமாக ஓடியது. பீங்கானின் மேல் முனையில் பூட்டிய உலோக வளையத்தின் விளிம்பிலிருந்து.

உள்பக்க வெற்றிடமானி அசையவே இல்லை. உள்ளே பொறி எதுவும் இல்லை.


அக்டோபர் 17, வியாழன்

மேடம் டார்ச் அடித்துப் பீங்கானைச் சுற்றி வந்தார். சுவர்ப் பக்கம் வந்ததும் நின்றார். இளஞ்சிவப்பாக, கட்டைவிரல் அளவில் ஒரு கறை. பளபளப்புப் பூச்சு இல்லாத பீங்கான். துடைத்தாலும் நிறம் துளைகளுக்குள் இறங்கியிருக்கிறது.

"இது என்ன?"

குனிந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"குங்குமமா? ஹை வோல்டேஜ் இன்சுலேட்டர் மேல குங்குமமா? யார் வச்சது?"

"நான்தான் மேடம்" என்றார் அடைக்கலம் அண்ணன்.

"பதினோரு வருஷம் சர்வீஸ் உங்களுக்கு."

"ஆமாங்க மேடம்."

"லேத்துக்கு வைங்க, சந்தோஷமா வைங்க, நானும் வந்து கும்புடுறேன். இதுல போயா? கன் டிசைன் பண்ண பொண்ணு இங்க நிக்குது. அதோட ரெண்டு வருஷ வேலை."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.


அக்டோபர் 18, வெள்ளி

அண்ணனைப் பம்பு கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். கன் கூடத்துக்குள் அவருடைய அட்டை இனி வேலை செய்யாது. டிசம்பரில் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அலுவலகத்தில் சொன்னார்களாம்.

எண்ணெய் வைத்துத் தலை வாரிக்கொண்டேன்.


அக்டோபர் 21, திங்கள்

வெளியிலிருந்து ஆள் வந்து பீங்கானைச் சுத்தம் செய்தார்கள். கறை பாதி போனது. எழுபத்தாறு வரை போனது. "பாத்தியா, சுத்தம் பண்ணதும் ரெண்டு ஏறுது" என்றார் மேடம்.

இன்று வெயில் அடித்தது.


அக்டோபர் 23, புதன்

மழை. எழுபத்து மூன்று.

"உள்ள ஊறிடுச்சு. இனி அந்தப் பீங்கானை நம்ப முடியாது" என்றார் மேடம். புதுப் பீங்கான் வர ஏழு மாதம் ஆகும். வெளிநாட்டிலிருந்து முழுத் துப்பாக்கியையே வாங்கிவிடலாம் என்று இயக்குநர் அலுவலகத்தில் பேச்சு.

நஸ்ரின் கண்காணிப்புக் கேமராக்களைப் பார்ப்பவள். சாப்பிடும்போது, "ஏய் கோதை, வீடியோவ ஸ்லோவா ஓட்டிப் பாத்தேன். ஸ்பார்க் எல்லாம் கதவுப் பக்கம்தான் வருது. கறை சுவத்துப் பக்கம்ல இருக்கு?" என்றாள்.

குழம்பில் உப்பு இல்லை என்று சொன்னேன்.

"நான் ஒண்ணு கேட்டா நீ ஒண்ணு சொல்ற" என்றாள். பழைய மின்புலக் கணக்கின் கோப்பு என் கணினியில்தான் இருக்கிறது.


அக்டோபர் 24, வியாழன்

கோப்பைத் திறக்கவில்லை.


அக்டோபர் 25, வெள்ளி

கோப்பைத் திறக்கவில்லை. அறையைப் பெருக்கினேன். ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன். நஸ்ரினின் பக்கத்தையும் சேர்த்து.


அக்டோபர் 27, ஞாயிறு

மதியம் யாரும் இல்லாத நேரத்தில் அலுவலகம் போனேன். கோப்பைத் திறந்தேன்.

கணக்குப் போடும் நிரலுக்கு எந்த இடம் வரை பார்க்க வேண்டும் என்று ஓர் எல்லை கொடுக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் நான் அந்த எல்லையைப் பீங்கானின் வெளிச் சுவரோடு வெட்டியிருந்தேன். அப்போது என்னிடம் இருந்தது பழைய கணினி. வெளியே காற்று வரை சேர்த்தால் ஒரு கணக்குக்கு ஒன்பது மணி நேரம் ஆகும். கற்றை இருப்பது உள்ளே. வெளியே என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பிறகு பார்க்கலாம் என்று குறிப்பேட்டில் எழுதிக்கூட வைத்திருக்கிறேன். என் கையெழுத்துதான்.

எல்லையை ஒரு மீட்டர் தள்ளி வைத்து ஓட்டினேன். இப்போதைய கணினிக்கு நாற்பது நிமிடம்.

காத்திருந்த நேரத்தில் வெளியே முந்திரி மரத்துக்குக் கீழே ஒரு நாய் தன் குட்டிகளை ஒவ்வொன்றாக மழைபடாத இடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தது. நான்கு குட்டிகள். நான்காவதை விட்டுவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். விடவில்லை.

முடிவு வந்தது. படத்தைச் சேமித்தேன். எண்ணை இங்கே எழுதவில்லை.


அக்டோபர் 28, திங்கள்

எழுதிவிடுகிறேன். நூறு கிலோவோல்ட்டில் மேல் வளையத்தின் வெளி விளிம்பில் ஒரு மில்லிமீட்டருக்கு நான்கு புள்ளி இரண்டு கிலோவோல்ட். காற்று தாங்குவது மூன்று. ஈரக் காற்று அதைவிடக் குறைவு. எழுபத்து நான்கில் பிய்த்துக்கொள்ளத்தான் செய்யும்.

பொட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.


அக்டோபர் 31, வியாழன், போடி

தீபாவளி. அப்பா மலைக்கு ஜீப் ஓட்டவில்லை. எஸ்டேட்டுக்கும் விடுமுறை. காலையில் எண்ணெய்க் குளியல். அம்மா தலையில் வைத்த எண்ணெய் காதுக்குள் போய்விட்டது.

அம்மாவோடு ஏலக்காய் பிரிக்கும் மூன்று பேர் பலகாரம் கொண்டு வந்தார்கள். அதில் ஒருவர், "உன் மக அங்க என்னாத்தா வேல பாக்குது?" என்று அம்மாவைக் கேட்டார்.

"துப்பாக்கி செய்யிது."

"ஆத்தாடி! போலீசுக்கா?"

"அது சுடுற துப்பாக்கி இல்லடி. கரண்டு துப்பாக்கி. எல்லாம் கணக்கு. எம்மக கணக்குல ஒரு ஏலக்கா கூடக் கொறையாது."

அப்பா சிரித்தார். நான் முறுக்கு எடுக்க அடுப்படிக்குள் போனேன். முறுக்கு வெளியேதான் இருந்தது.

எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போய் இப்படி ஒரு வேலைக்குப் போனது நான்தான். வந்தவர்கள் எல்லாரும் தங்கள் பிள்ளைகளை என்னிடம் அனுப்பி, "அக்காகிட்ட கேளு" என்கிறார்கள். பிள்ளைகள் ஒன்றும் கேட்பதில்லை. என்னைப் போலவே நிற்கிறார்கள்.


நவம்பர் 4, திங்கள்

பம்பு கொட்டகைக்குப் போனேன். சொல்லத்தான் போனேன்.

அடைக்கலம் அண்ணன் பழைய பம்பிலிருந்து எண்ணெய் வடித்துக்கொண்டிருந்தார். "வாங்க மேடம். தீபாவளி எப்படி? இங்க பாருங்க, பம்பு மாதிரி ஒரு நல்ல ஜீவன் கிடையாது. எண்ணெ மாத்துனா போதும், யார் வச்ச பொட்டுன்னு கேக்காது."

"அண்ணே..."

"சொல்லுங்க."

"சாப்டீங்களா?"

"சாப்டேன்."

எண்ணெய் கறுப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. "நீங்க ஏன் அன்னைக்கு மேடம்கிட்ட..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க விரலைக் காட்டுனதையா? அதைச் சொல்லி என்ன ஆகப்போகுது. வச்ச கை என்னுது."

ஆமாம். அதை இங்கே நான் எழுதவில்லை. எங்கே வைக்கட்டும் என்று அவர் கேட்டபோது, பீங்கானை விரலால் காட்டியது நான்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெள்ளையில் சிவப்பு எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது. அவர் ஒருமுறை தயங்கினார். நான் மறுபடி காட்டினேன்.


நவம்பர் 6, புதன்

மேடம் கூப்பிட்டார். நிகழ்வு அறிக்கை தயாரிக்க வேண்டும், வெள்ளிக்குள். வடிவமைத்தவள் என்பதால் நான் எழுத வேண்டும்.

"காரணம்ங்கிற இடத்துல, இன்சுலேட்டர் மேல அயல்பொருள்னு போடு. கடைசிப் பக்கத்துல பணியாளர் பேரு, அவரோட விளக்கம். அதை வச்சுத்தான் அட்மின்ல முடிவெடுப்பாங்க. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா விதி ஒண்ணு இருக்குல்ல?"

படிவத்தை வாங்கிக்கொண்டேன். நான்கு பக்கம். காரணம் எழுத மூன்று வரி இடம் விட்டிருக்கிறார்கள்.


நவம்பர் 7, வியாழன்

படிவத்தில் தேதி, இடம், கருவியின் பெயர் எல்லாம் நிரப்பினேன். மூன்று வரி மட்டும் பாக்கி.

நஸ்ரின் என் தோளுக்கு மேல் பார்த்தாள். "அந்த வீடியோவ அறிக்கையோட சேக்கட்டுமா? எதுக்கும் இருக்கட்டுமே" என்றாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

"சேத்துரு" என்றேன்.

வீடியோவைச் சேர்த்தால் மூன்று வரியில் அயல்பொருள் என்று எழுத முடியாது. அது எனக்கு "சேத்துரு" என்று சொல்லும்போதே தெரியும்.


நவம்பர் 8, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு மேடத்தின் அறைக்குப் போனேன். "உக்காரு" என்றார். உட்கார்ந்தால் சொல்லாமலே எழுந்து போய்விடுவேன் என்று பட்டது. நின்றுகொண்டே புதுக் கணக்கின் படத்தை மேசையில் வைத்தேன். மேல் வளையத்தின் விளிம்பு சிவப்பாக இருக்கும் படம்.

மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வெகுநேரம் பார்த்தார்.

"இது வெளிப்பக்கம்."

"ஆமா மேடம்."

"மார்ச்ல இதைத்தானே ஒருத்தர் கேட்டார்? நீ பாத்தேன்னு சொன்னியே."

"சொல்லல மேடம். தலையாட்டினேன்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். கிளம்பவில்லை. மேடம் படத்தைத் திருப்பி வைத்தார்.

"அந்த டிராயிங்ல என் கையெழுத்தும் இருக்கு. நானும் கேக்கல. குங்குமத்தைப் பாத்ததும் எனக்குக் காரணம் கிடைச்சிருச்சு. அதுக்கு மேல நான் தேடவே இல்ல." பிறகு, "ஆனா உன் பேரு காரணத்துல வரும். நான் மறைக்க மாட்டேன்" என்றார்.

"அதுக்குத்தான் மேடம் வந்தேன். இன்னொண்ணு. பொட்டு வைக்க இடம் காட்டினதும் நான்தான்."

மேடம் சிரித்துவிடுவார் போலிருந்தது. சிரிக்கவில்லை. "பன்ச்சர் வேலைய இப்போதைக்கு வேற ஆள்கிட்ட குடுக்குறேன். புரியுதா?"

"புரியுது மேடம்."

"அடைக்கலத்துகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"போ. அறிக்கை எனக்கு நாலு மணிக்கு வந்தாப் போதும்."

பன்ச்சருக்காக நான் வரைந்து வைத்திருந்த ஏழு தாள்கள் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. யாருக்குப் போகிறதோ அவருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

அண்ணன் சோப்புத்தூளும் மரத்தூளும் சேர்த்துக் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். மார்ச்சில் வெளிப்பக்கம் பற்றிக் கேட்டது, நான் தலையாட்டியது, வளையம், விளிம்பு, நான்கு புள்ளி இரண்டு. குழாயை மூடிவிட்டுக் கேட்டார். கை ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

"கணக்குத் தப்புன்னு எப்பத் தெரிஞ்சுது?"

"பன்னெண்டு நாள் முன்னாடி."

"பன்னெண்டு நாள்."

"ஆமாண்ணே."

"நான் இங்க வந்து மூணு வாரம். அதுல பன்னெண்டு நாள் உங்களுக்குத் தெரியும். திங்கக்கிழமை வந்தீங்க. சாப்டீங்களான்னு கேட்டீங்க."

"ஆமா."

"சாப்டேன்னு சொன்னேன்ல? சாப்டல அன்னைக்கு. வேலை போயிரும்னு வீட்டுல ஒரே அழுகை. டப்பாவ எடுக்காமலே வந்துட்டேன்."

மன்னிச்சிடுங்க என்றேன். அவர் துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"பொட்டு விஷயத்துல உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. அது வேற. இது வேற" என்று சொல்லிவிட்டுப் பம்பு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாலு மணிக்கு அறிக்கையைக் கொடுத்தேன். மூன்று வரி இடத்தில் இரண்டு வரிதான் எழுதினேன்: "பீங்கானின் வெளிப்புற மின்புலம் வடிவமைப்பின்போது கணக்கிடப்படவில்லை. வடிவமைத்தவர்: மு. பூங்கோதை." கடைசிப் பக்கத்தில், பணியாளர் பெயர் என்ற இடத்தில், கோடு போட்டேன்.


நவம்பர் 9, சனி

அம்மாவிடம் போனில் சொன்னேன். கணக்கில் தப்பு செய்துவிட்டேன் என்று.

"வேலையவிட்டு அனுப்பிட்டாங்களா?" என்றாள். இல்லை என்றேன். "அப்பச் சரி பண்ணிரலாம்ல?" என்றாள். பண்ணலாம் என்றேன். பக்கத்தில் யாரோ என்ன என்று கேட்க, "ஒண்ணுமில்லடி, மழையாம் அங்க" என்று சொல்வது கேட்டது.


நவம்பர் 13, புதன்

அண்ணனின் அட்டை மறுபடி வேலை செய்கிறது. காலையில் கூடத்துக்குள் வந்தார். எல்லாரையும் பெயர் சொல்லி நலம் கேட்டார். என்னை மட்டும் "டிசைன்" என்றார். "டிசைன்ல என்ன சொல்றாங்க?" என்று பயிற்சிப் பெண்ணைக் கேட்டார். நான் இரண்டு அடி தள்ளித்தான் நின்றிருந்தேன்.

புதுத் துப்பாக்கி வாங்குவதை மேடம் ஒரு மாதம் தள்ளி வைத்திருக்கிறார். அதற்குள் சரி செய்து காட்ட வேண்டும். வழி இருக்கிறது. கூர்மையான விளிம்பை மறைப்பது போல, அதைச் சுற்றி உருண்டையான தடித்த அலுமினிய வளையம் ஒன்றை மாட்டினால் மின்புலம் பரவிவிடும். அந்த வளையத்துக்கு வளைக்கும் அலுமினியக் குழாயின் தடிமன் ஐம்பது மில்லிமீட்டர். இந்த முறை உள்ளே, வெளியே, கூண்டு, கதவு, கூரை எல்லாம் சேர்த்து ஓட்டினேன். மில்லிமீட்டருக்கு ஒன்றரை கிலோவோல்ட் வந்தது. மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் ஒன்றரை.


நவம்பர் 21, வியாழன்

அலுமினியக் குழாயை வளையமாக வளைத்தால் உள்பக்கம் மடிந்து சப்பையாகிவிடும். முதல் இரண்டு அப்படித்தான் போயின. உள்ளே காய்ந்த மணலை நிரப்பி, இரு முனையிலும் மரக்கட்டை அடித்து, பிறகுதான் வளைக்க வேண்டும் என்று அண்ணன் சொன்னார். ஆனால் பத்து நாளாக மழை. காய்ந்த மணல் எங்கே இருக்கிறது?

அண்ணன் ஒரு சாக்கு மணலை அள்ளிக்கொண்டு கேன்டீனுக்குப் போனார். பின்னாலேயே போனேன். மாஸ்டர் கத்தினார்.

"யோவ், அது பூரி போடுற வாணலியா! மண்ண அள்ளிப் போடுற!"

"வறுத்துட்டுக் கழுவித் தர்றேன்யா. விஞ்ஞானத்துக்குக் கொஞ்சம் ஒத்துழைப்புக் குடு."

"உங்க விஞ்ஞானம் நாளைக்குப் பூரில நறநறன்னு கடிக்கும்."

மணலை வறுத்தோம். அண்ணன் கரண்டி பிடித்தார், நான் சலித்தேன். ஒரு மணி நேரம் பக்கத்துப் பக்கத்தில் நின்றும் எங்களுக்குள் பேச்சில்லை. கடைசிச் சட்டி இறங்கும்போது, கரண்டியைத் தட்டிக்கொண்டே, "டிசைன்ல உப்பு பாக்குறீங்களா?" என்றார்.

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் கேட்டது என்னைத்தான்.


நவம்பர் 28, வியாழன்

வளையம் முடிந்தது. ஒட்டிய இடத்தை அண்ணன் இரண்டு நாளாகத் தேய்த்தார். கடைசியில் ஒரு துளிப் பஞ்சை எடுத்து வளையம் முழுக்க இழுத்துப் பார்த்தார். எங்காவது முள் இருந்தால் பஞ்சில் நூல் பிடிக்கும். ஓரிடத்தில் பிடித்தது. மறுபடி தேய்த்தார். பிறகு பஞ்சை என்னிடம் நீட்டினார். நானும் இழுத்துப் பார்த்தேன். எங்கும் பிடிக்கவில்லை.

பீங்கானில் அந்த இளஞ்சிவப்புக் கறை இன்னும் பாதி இருக்கிறது. அதைத் தேய்த்து எடுக்கட்டுமா என்று பயிற்சிப் பெண் கேட்டாள். மேடம், "வேண்டாம், அப்படியே இருக்கட்டும். அதோடவே நூறும் நிக்கட்டும்" என்றார்.

நாளை மாட்டுகிறோம். சோதனை செவ்வாய்க்கிழமை.


டிசம்பர் 3, செவ்வாய்

முடிவை முதலில் எழுதிவிடுகிறேன். நூறு கிலோவோல்ட் ஒரு மணி நேரம் நின்றது. ஒரு பொறிகூட இல்லை. வெளியே காலையிலிருந்து விடாத மழை. கூடத்தின் சுவரில் தண்ணீர் வடிந்தது. இப்படி ஒரு நாளில் நின்றால் எல்லா நாளும் நிற்கும் என்று மேடம் சொன்னார். என் பக்கம் திரும்பி வேறெதுவும் சொல்லவில்லை. அறிக்கைப் புத்தகத்தை என்னிடம் கொடுத்து, "நீயே எழுது" என்றார்.

ஆனால் எழுத வந்தது அதை இல்லை. காலையில் நடந்ததை.

மின்சாரம் ஏற்றுவதற்கு முன் கடைசியாகக் கூண்டுக்குள் ஒரு முறை பார்க்க வேண்டும். அண்ணன் கழியோடு உள்ளே போனார். நான் கதவருகே நின்றேன். எனக்குப் பின்னால் மேடம், நஸ்ரின், பயிற்சிப் பெண்கள், அலுவலகத்திலிருந்து இரண்டு பேர்.

"தொட்டாச்சு!"

"கேட்டுச்சு!"

அவர் வளையத்தைச் சுற்றி வந்தார். திருகுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். சுவர்ப் பக்கம் போய்க் கறையருகே கொஞ்சம் நின்றார். வெளியே வந்துவிடுவார் என்று நினைத்தேன். வரவில்லை. எனக்கு முதுகைக் காட்டியபடி, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்:

"ஏங்க கோதை மேடம், வெளிப்பக்கம் பாத்தாச்சா?"

யாரோ பின்னால் இருமினார்கள். நஸ்ரினாக இருக்கும். என் காது சூடாகிவிட்டது. தலை தானாக அசைந்தது. அசைந்ததை நான் உணர்ந்தேன். அவர் திரும்பவில்லை. கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு சும்மா நின்றார். மழைச் சத்தம் கூரையில் கேட்டது.

"பாத்தாச்சுண்ணே" என்றேன். போதவில்லை என்று எனக்கே தெரிந்தது. மூச்சை இழுத்து மறுபடி சொன்னேன்: "வெளிப்பக்கம் பாத்தாச்சு. ஒண்ணரை. நானே பாத்தேன்."

என் குரல் கூடத்தின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பி வந்தது.

"கேட்டுச்சு" என்றார்.